மேட்டூர் திறப்பு முதல் கொள்முதல் நிலையம் வரை: உகப்பாக்கக் கணக்கைப் பற்றி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகக் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போது விவசாய சங்கக் கூட்டம், ஊராட்சிக் கூட்டம், கல்லூரி என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கிறேன்: அரசு எடுக்கும் முடிவுகளைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி. ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

ஆப்டிமைசேஷன், ஆப்டிமைசேஷன்னு சொல்றீங்களே சார், அப்படின்னா என்ன?

தமிழில் உகப்பாக்கம் என்பார்கள். இருப்பது கொஞ்சம், தேவை நிறைய. இருப்பதை எப்படிப் பங்கிட்டால் நாம் விரும்புவது கூடும், அல்லது விரும்பாதது குறையும் என்று தேடுவதுதான் இது. கணக்கில் மூன்று பகுதி உண்டு. நாம் முடிவு செய்ய வேண்டியவை முதல் பகுதி. மேட்டூரில் எந்த வாரம் எத்தனை கன அடி திறப்பது என்பது அப்படி ஒன்று. மீற முடியாதவை இரண்டாவது. அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி), வாய்க்கால் தாங்கும் அளவுக்கு மேல் விட்டால் கரை உடையும். மூன்றாவது, எதை அதிகமாக்கப் போகிறோம் என்ற குறிக்கோள்.

முதல் இரண்டையும் பொறியாளர் சொல்லிவிடுவார். மூன்றாவதை அவர் சொல்ல முடியாது. விளைந்த நெல்லா, நட்ட பரப்பா, விவசாயி கையில் நிற்கும் காசா, கடைமடைக்குத் தண்ணீர் போன நாள்களா? சண்டை எல்லாம் இங்கேதான். அதனால்தான் என் கூட்டங்களில் மூன்றாவதைப் பற்றியே அதிகம் பேசுகிறேன்.

இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?

1939-ல் லெனின்கிராடில் கன்டோரோவிச் என்ற கணிதர், ஒட்டுப்பலகை ஆலைக்காரர்கள் கேட்ட ஒரு சந்தேகத்தில் தொடங்கினார். இருக்கிற இயந்திரங்களில் எதில் எதைப் போட்டால் உற்பத்தி கூடும் என்பது கேள்வி. 1947-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் டான்ட்சிக், சிம்ப்ளெக்ஸ் என்ற வழிமுறையைக் கொடுத்தார். 1975-ல் பொருளாதார நோபல் கன்டோரோவிச்சுக்கும் கூப்மன்ஸுக்கும் போனது, டான்ட்சிக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அதில் இன்னும் மனத்தாங்கல் உண்டு. 1984-ல் பெரிய கணக்குகளுக்கு வேகமான புது வழியைச் சொன்ன நரேந்திர கர்மார்கர் குவாலியரில் பிறந்தவர். உங்கள் பிள்ளைகளின் வணிகக் கணிதப் புத்தகத்தில் நேரியல் திட்டமிடல் என்ற பெயரில் இருப்பது இதுவேதான்.

நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி ஒண்ணு சொல்லுங்க. புரியற மாதிரி.

ஒரு வாய்க்கால், இரண்டு ஊர் என்று வையுங்கள். எண்கள் என் கற்பனை. தலைமடையில் 600 ஏக்கர், கடைமடையில் 400 ஏக்கர். ஒரு ஏக்கருக்கு ஒரு பங்கு தண்ணீர் வேண்டும். கடைமடைக்கு ஒரு பங்கு போய்ச் சேர மதகில் ஒன்றரைப் பங்கு விட வேண்டும், அரைப் பங்கு வழியில் கசிந்துவிடும். மதகில் கிடைப்பது 900 பங்கு.

நட்ட பரப்பு அதிகமாக வேண்டும் என்று குறிக்கோள் கொடுத்தால், கணக்கு தலைமடை 600 ஏக்கருக்கும் முழுசாகக் கொடுக்கும். மீதி 300 பங்கில் கடைமடையில் 200 ஏக்கர் நனையும். மொத்தம் 800. கடைமடையில் பாதி தரிசு. 'இரண்டு ஊரிலும் ஒரே விகிதத்தில் நனைய வேண்டும்' என்று ஒரு கட்டுப்பாடு சேர்த்தால் தலைமடை 450, கடைமடை 300. மொத்தம் 750. வித்தியாசம் 50 ஏக்கர்.

அப்ப கடைமடையைக் காயப் போடச் சொல்றதுதான் உங்க கம்ப்யூட்டரா?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பெரியவர் எழுந்து நின்று கேட்டது இது. கோபம் நியாயமானது. ஆனால் காயப் போடச் சொன்னது கணினி இல்லை, 'மொத்தப் பரப்பு' என்று குறிக்கோள் எழுதிக் கொடுத்தவர். மொத்தத்தைக் கூட்டச் சொன்னால், தண்ணீர் போகப் போக வீணாகும் இடத்தை அது கடைசியில்தான் பார்க்கும்.

கணக்கே போடாதபோதும் இதே நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். தலைமடைக்காரர் முதலில் மடையைத் திறந்துகொள்கிறார். கணக்குப் போட்டதில் நமக்கு லாபம் அந்த 50. சமமாகப் பிரித்தால் விளைச்சலே போய்விடும் என்று ஒருவர் பயமுறுத்தினால், 800-ல் 50-தான் ஐயா என்று காட்டலாம். அதே மாதிரி, சமமாகப் பிரித்தால் யாருக்கும் எதுவும் குறையாது என்று சொல்பவரிடமும் அந்த 50-ஐக் காட்டலாம். ஊர்களுக்கு மாறி மாறித் தண்ணீர் விடும் முறைப்பாசனம் வைத்த பழைய ஆட்கள் இந்த 50-ஐ எழுதி வைக்கவில்லை. தெரிந்தேதான் விட்டுக்கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

தூர் வாரறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

எனக்குப் பிடித்த கேள்வி. மேலே சொன்ன வாய்க்காலைத் தூர்வாரி, கடைமடைக்கு ஒன்றரைக்குப் பதில் ஒன்றேகால் பங்கு விட்டால் போதும் என்று ஆக்குங்கள். மொத்தப் பரப்புக் கணக்கு 800-லிருந்து 840 ஆகும். சமப் பங்குக் கணக்கு 750-லிருந்து சுமார் 818 ஆகும். இரண்டுக்கும் நடுவில் 50 ஏக்கராக இருந்த இடைவெளி 22 ஆகிவிட்டது. ஆக, தூர்வாரினால் தண்ணீர் மட்டும் மிச்சமாவதில்லை, இரண்டு ஊருக்கும் உள்ள வழக்கும் பாதிக்குக் கீழே இறங்குகிறது. மே மாதத்தில் முடிய வேண்டிய வேலையை, தண்ணீர் வந்த பிறகு ஜூலையில் செய்தால், இடைவெளியில் குறைந்திருக்க வேண்டிய இந்த 28 ஏக்கர் யார் கணக்கில் போகிறது என்று கேளுங்கள்.

இன்னொரு சொல்லும் தெரிந்துகொள்ளுங்கள்: நிழல் விலை. மதகில் ஒரு பங்கு கூடுதலாக வந்தால் எத்தனை ஏக்கர் கூடும் என்பதுதான் தண்ணீரின் நிழல் விலை. சந்தையில் விலை இல்லாத பொருளுக்கும் கணக்கு விலை சொல்லும். தூர்வாராத வாய்க்காலில் மொத்தப் பரப்பு விதிப்படி அது 0.67 ஏக்கர், சமப் பங்கு விதிப்படி 0.83. தலைமடை ஏற்கெனவே நிறைந்துவிட்டதால், முதல் விதியில் கூடுதல் சொட்டு முழுவதும் கசியும் பாதையில் போகிறது. ஒரே தண்ணீருக்கு விதியைப் பொறுத்து இரண்டு மதிப்பு. பிள்ளைகள் இதைக் கேட்டதும் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள்.

ஜூன் 12-க்கு மேட்டூரைத் திறக்கலாமா வேணாமான்னு இதுல பாக்க முடியுமா?

பார்க்கலாம், ஆனால் மேலே உள்ள வாய்க்கால் மாதிரி சுலபமில்லை. அங்கே தண்ணீர் எவ்வளவு என்று தெரியும். இங்கே ஜூன் முதல் வாரத்தில் முடிவெடுக்கிறோம், குடகில் மழை எப்படி என்பது ஜூலை, ஆகஸ்டில்தான் தெரியும். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2017-ல் அக்டோபர் 2 வரை போனது. 2024-ல் ஜூலை 28. 2023-ல் வழக்கமான திறப்பு நாளான ஜூன் 12 அன்றே திறந்தும், பிறகு மழை பொய்த்துக் குறுவை காய்ந்ததை நாம் பார்த்தோம். தேதியைக் காப்பாற்றியதால் பயிரைக் காப்பாற்றிவிட முடியவில்லை.

இப்படிப்பட்ட கணக்கை இரண்டு கட்டமாகப் போடுவார்கள். இன்று எடுக்கும் முடிவு, மழையைப் பார்த்த பிறகு எடுக்கும் முடிவு. சும்மா புள்ளிகள் போட்டுப் பார்ப்போம். இன்று திறந்து மழையும் பெய்தால் லாபம் 100, பொய்த்தால் நட்டம் 80. காத்திருந்து மழை பெய்தால் லாபம் 40, பொய்த்தால் நட்டம் 10. நல்ல மழைக்கு வாய்ப்பு சுமார் 54 சதவீதத்துக்கு மேல் என்றால் திறப்பது மேல், அதற்குக் கீழே என்றால் காத்திருப்பது மேல். 'திறக்கலாமா' என்ற கேள்வியைக் கணக்கு 'மழையை எவ்வளவு நம்புகிறாய்' என்று மாற்றிக் கேட்கிறது. அதற்கு வானிலை ஆட்களிடம் பதில் இருக்கலாம், கட்சிக் கொடிகளிடம் இருக்காது.

நிஜக் கணக்கில் ரகமும் சேரும். குறுவை தள்ளிப்போனால் அறுவடை வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். சம்பா தள்ளிப்போனால் சிஆர் 1009 மாதிரி 150 நாளைத் தாண்டும் ரகத்துக்கு நாள் இருக்காது, மத்திய ரகத்துக்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு வாரத் தாமதமும் ஒரு கதவை மூடுகிறது. அதனால் ஒரே தேதியைச் சொல்லும் கணக்கைவிட, 'அணை மட்டம் இவ்வளவு இருந்தால் இத்தனை ஏக்கர் குறுவை' என்று அட்டவணை தரும் கணக்கையே நான் நம்புவேன்.

காவிரித் தீர்ப்பையும் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் குடுத்தாங்களா?

இல்லை. அது சட்டமும் வழக்கும் நியாயப் பங்கீடும் சேர்ந்து வந்தது. நடுவர் மன்றம் 2007-ல் மொத்தம் 740 டிஎம்சி என்று கணித்து நமக்கு 419 கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 404.25 ஆக்கியது. மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் விட வேண்டியது 192-லிருந்து 177.25 டிஎம்சி ஆனது. குறைந்த 14.75-ல் 10 டிஎம்சி நம் நிலத்தடி நீரைக் காட்டிக் குறைத்தது, 4.75 பெங்களூருவின் குடிநீருக்கு.

நம் கணக்கில் இந்த எண்கள் கட்டுப்பாடுகளாக நுழைகின்றன. ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95 என்று மாத வாரியாகப் பட்டியல் இருக்கிறது. ஜூன் பங்கு எவ்வளவு சிறியது பாருங்கள். ஜூன் 12 திறப்பு பெரும்பாலும் அணையில் ஏற்கெனவே நிற்கும் தண்ணீரை நம்பித்தான்.

எங்க ஊருக்கு நெல் கொள்முதல் நிலையம் வேணும்னு மனு குடுத்துக்கிட்டே இருக்கோம். கணக்கு என்ன சொல்லும்?

40 ஊரில் 10 நிலையம் என்றால் 84,76,60,528 விதமாக வைக்கலாம். கையால் பார்க்க முடியாது, கணினி பார்த்துவிடும். இங்கேயும் குறிக்கோள்தான் விஷயம். எல்லா மூட்டைகளும் போகும் மொத்தத் தூரம் குறைய வேண்டும் என்றால் நிலையங்கள் பெரிய ஊர்களில் விழும். மிகத் தொலைவில் இருப்பவரின் தூரம் குறைய வேண்டும் என்றால் ஒதுக்குப்புற ஊர்களுக்குப் போகும். வாய்க்கால் கதைதான், வேறு உருவத்தில்.

ஆனால் நம் ஆட்களை உண்மையில் வாட்டுவது தூரமா? டிராக்டரில் இரண்டு கிலோமீட்டர் கூடப் போவது பெரிய காரியமில்லை. நெல்லைக் கொட்டிவிட்டுப் பத்து நாள் தார்ப்பாய் போட்டுக் காவல் கிடப்பதும், நடுவில் மழை வந்து ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடுவதும்தான் காரியம். அங்கே முட்டுக்கட்டை பெரும்பாலும் எடை போடும் இடத்தில் இல்லை. எடை போட்ட மூட்டைகளை ஏற்றிப் போக லாரி வரவில்லை, கிடங்கில் இடமில்லை. லாரிதான் குறை என்றால், கணக்கு புது நிலையத்துக்கு நிழல் விலை பூஜ்யம் என்று சொல்லும். பத்தை இருபதாக்கினாலும் நெல் இருபது இடத்தில் நனையும், அவ்வளவுதான். மனு கொடுப்பதற்கு முன் உங்கள் ஊரில் எது குறை என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். நிலையம் கேட்பதா, லாரி கேட்பதா என்று அப்போது தெரியும்.

பம்புசெட்டுக்குக் கரண்ட் இலவசம். கணக்குல அது எப்படி வரும்?

ஆபத்தாக வரும். செலவு பூஜ்யம் என்று எழுதினால் கணக்கு நிலத்தடி நீரை அடிவரை உறிஞ்சச் சொல்லும். கணக்குக்குக் கூச்சம் கிடையாது. இலவச மின்சாரத்தை நிறுத்தச் சொல்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. வருட முடிவில் கிணற்று மட்டம் வருட ஆரம்பத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும், விடை அடியோடு மாறும். வேதாரண்யம் பக்கம் உப்பு ஏறிய கிணறு வைத்திருப்பவருக்கு அந்த வரி ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

கடலுக்குப் போற தண்ணியெல்லாம் வேஸ்ட்தானே?

வேஸ்ட் என்று எழுதினால் கணக்கும் அப்படியே நடந்துகொள்ளும். நடுவர் மன்றமே சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பதற்கு 4 டிஎம்சி என்று ஒதுக்கியிருக்கிறது. முகத்துவாரத்தில் ஆற்று நீர் தள்ளாவிட்டால் கடல் உள்ளே தள்ளும். முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் மீன் குஞ்சும் அந்தக் கலப்பு நீரில்தான் பிழைக்கின்றன. வெள்ளக் காலத்தில் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் தள்ளுவது தஞ்சாவூரை முழுகாமல் காக்க. அதைச் சேமிக்க இடம் இல்லாதபோது 'வீணடித்தார்கள்' என்று திட்டுவதில் பயன் இல்லை. கொள்ளிடத்தில் தடுப்பணை வேண்டுமா என்பது வேறு கேள்வி, அதற்குத் தனியாகக் கணக்குப் போடலாம்.

எல்லாத்தையும் உள்ள போட்டோம். 'விடை இல்லை'ன்னு வருது. மெஷின் ரிப்பேரா?

மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. எல்லோருக்கும் கொடுத்த வாக்குறுதிகளை ஒன்றாக நிறைவேற்ற முடியாது என்று அர்த்தம். குறுவை முழுப் பரப்பு, சம்பா முழுப் பரப்பு, வீராணம் வழியாகச் சென்னைக்குக் குடிநீர் குறையாமல், ஜனவரி 28-ல் அணை மூடும்போது பாதி நிறைந்திருக்க வேண்டும் என்று எல்லாம் கேட்டால், குறைந்த மழை வருடத்தில் அப்படி ஒரு வழியே கிடையாது. நல்ல மென்பொருள் எந்த நாலு வரிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்றும் காட்டும். என் கண்ணுக்கு இதுதான் இந்த முறையின் மிகப் பெரிய உபயோகம். மேடையில் தனித்தனியாகச் சொன்னபோது கைதட்டு வாங்கிய நாலு வாக்குறுதிகள் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

வேற எங்கயாவது இது வேலை செஞ்சிருக்கா, இல்ல பேச்சுதானா?

செய்திருக்கிறது, சொதப்பியும் இருக்கிறது. ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் நிவாரணத் தானியத்தை எங்கே வாங்கி எந்த வழியில் அனுப்புவது என்று இப்படித்தான் கணக்கிடுகிறது. 2021-ல் இந்தத் துறையின் பெரிய விருதான எடல்மன் பரிசை வாங்கியது. நம் ரேஷன் தானிய லாரிகளின் வழித்தடத்துக்கு மத்திய அரசு 2024 டிசம்பரில் அன்ன சக்ரா என்ற கருவியை வெளியிட்டது.

சொதப்பல்தான் சுவாரஸ்யம். 1945-ல் ஸ்டிக்லர் என்ற பொருளாதார நிபுணர், ஒரு ஆள் வருடம் முழுக்கச் சத்தோடு வாழக் குறைந்த செலவு எவ்வளவு என்று கணக்கிட்டார். 1939 விலையில் 39.93 டாலர். சாப்பாடு என்ன தெரியுமா? கோதுமை மாவு, டின் பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, உலர்ந்த பீன்ஸ். வருடம் முழுக்க. நாக்குக்கு ஒரு கட்டுப்பாடு அந்தக் கணக்கில் இல்லை. பாஸ்டன் நகரில் 2017 டிசம்பரில் பள்ளி நேரங்களை எம்ஐடி ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி மாற்றுவதாக அறிவித்தார்கள். கணக்கில் பஸ் செலவு குறைந்தது, பெரிய பிள்ளைகளுக்குத் தூக்கம் கூடியது, சில ஆரம்பப் பள்ளிகள் மட்டும் காலை ஏழேகாலுக்கே தொடங்க வேண்டும் என்று வந்தது. பெற்றோர் கொதித்துப்போய்க் கூட்டம் போட்டார்கள். சில வாரங்களில் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

என் சொதப்பலையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சங்கத்துக்கு நடவுத் தேதி கணக்கிட்டுக் கொடுத்தேன். எல்லோருக்கும் அதே வாரம்தான் நல்ல வாரம் என்று வந்தது, எல்லோரும் அதே வாரம் நட்டார்கள். அறுவடையும் ஒரே வாரத்தில் வந்து நின்றது, மெஷின் வாடகை ஏறியது. அறுவடை மெஷின் எத்தனை என்று ஒரு வரி நான் எழுதவில்லை. இன்னும் அந்த ஊர் டீக்கடைப் பக்கம் போனால் ஒருவர் சிரிப்பார்.

யாருக்கோ சாதகமா எழுதிட்டு 'கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு'ன்னா நாங்க என்ன பண்றது?

கணினியோடு சண்டை போடாதீர்கள். எதை அதிகமாக்கச் சொன்னீர்கள், என்னென்ன கட்டுப்பாடு போட்டீர்கள், எந்த வருடத்து விவரம், அடங்கல் என்ற கிராமப் பயிர்ப் பதிவேட்டில் இருக்கும் பரப்பா வயலில் இருக்கும் பரப்பா என்று கேளுங்கள். பிறகு ஒரு எண்ணை லேசாக மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரை ஐந்து சதவீதம் குறைத்ததும் விடை தலைகீழானால் அந்த விடையை நம்பிக் கல் நட வேண்டாம். அரசுத் துறை இப்படி ஒரு கணக்கை வைத்து முடிவெடுத்தது என்றால், 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அந்தத் தாள்களைக் கேட்கலாம்.

கணக்கில் வராதவர்களையும் தேடுங்கள். நில உரிமையாளரின் வருமானத்தைக் கூட்டும் கணக்கில் நடவு ஆளின் கூலி செலவுப் பக்கத்தில் நிற்கும். குறைக்க வேண்டிய எண்ணாக. அதே கூலி அவள் வீட்டில் வரவு. குறிக்கோளை யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினார்கள் என்பது இதில் தெரிந்துவிடும்.

எங்க பிள்ளைங்களே இதைப் போட்டுப் பாக்கலாமா?

தாராளமாக. எக்ஸெலில் சால்வர் என்று ஒன்று இருக்கிறது, லிப்ரே ஆஃபீஸிலும் உண்டு, இலவசம். பைத்தான் தெரிந்தவர்களுக்குப் பல்ப் என்ற நூலகம். மேலே உள்ள இரண்டு ஊர் வாய்க்காலை முதலில் போட்டு 800-ம் 750-ம் வருகிறதா என்று பாருங்கள். மென்பொருளில் சிரமம் இல்லை. எந்த மதகில் எத்தனை நாள் எவ்வளவு போனது என்று எழுதி வைத்தவர் யார் என்று தேடுவதில்தான் மாசக்கணக்கில் போகும். மதகைத் திறந்து மூடிய பழைய லஸ்கர் யாராவது ஊரில் இருந்தால் முதலில் அவரிடம் போங்கள்.

ரெண்டு ஊருக்கும் ஒரே கசிவு, ஒரே மண்ணு. ஆனா விடையில ஒரு ஊருக்கு முழுசு, இன்னொண்ணுக்குப் பாதி. ஏன் சார்?

இதைக் கேட்டது ஒரு கல்லூரிப் பெண். நல்ல கண். இரண்டு ஊரும் எல்லா விதத்திலும் சமம் என்றால், தண்ணீரை எப்படிப் பிரித்தாலும் மொத்தப் பரப்பு ஒன்றுதான். சம மதிப்புள்ள விடைகள் எண்ணற்றவை இருக்கும். சிம்ப்ளெக்ஸ் முறை மூலைக்கு மூலை தாவித் தேடும். இதைவிட நல்லது இல்லை என்று முதலில் தட்டுப்பட்ட மூலையை அச்சடித்துவிட்டு நின்றுவிடும். அந்த மூலையில் ஒரு ஊர் நிறைந்திருக்கும், இன்னொன்று காய்ந்திருக்கும். பல சமயம் காரணம், பட்டியலில் அந்த ஊரை முதலில் தட்டச்சு செய்தது மட்டுமே.

விடை கைக்கு வந்ததும் ஊர்களின் வரிசையைத் தலைகீழாக்கி இன்னொரு தடவை ஓட்டச் சொல்லுங்கள். மொத்த ஏக்கர் மாறாமல் ஊர் மட்டும் மாறினால், அதை முடிவு செய்யக் கணக்கிடம் எதுவும் இல்லை. இரண்டு ஊரையும் கூட்டி முறை வையுங்கள். அடுத்த வருடம் யார் முதலில் என்பதையும் அதே கூட்டத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.